ஒற்றன் பாட்டும் தோட்டத்து மெட்டும்

திருக்குறளின் பொருட்பாலில் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் 'ஒற்றாடல்'. ஒற்றரும் அறநூலும் மன்னனுக்கு இரு கண்கள் என்று தொடங்கும் வள்ளுவர், நல்ல ஒற்றன் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதையும் வகுத்துக் காட்டுகின்றார். கண்டவர் ஐயுறாத தோற்றம் வேண்டும். எதிர்த்து நோக்குவார் கண்ணுக்கு அஞ்சாமை வேண்டும். அறிந்ததை எந்நிலையிலும் வெளியிடாத உறுதி வேண்டும். அதிகாரத்தின் இறுதிக் குறள் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்தலாகாது. அவ்வாறு செய்யும் அரசன் தன் மறைபொருளைத் தானே வெளிப்படுத்தியவனாவான் என்பது அதன் கருத்து.

இருபதாம் நூற்றாண்டின் திரைப்படம் இவ்விலக்கணத்தைத் தலைகீழாக மாற்றிவிட்டது. திரையில் வரும் ஒற்றன் மறைந்து திரிவதில்லை. அவன் வருவதற்கு முன்னரே அவன் புகழ்பாடும் பாட்டு வந்துவிடுகின்றது. பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் எக்காளங்கள் முழங்குகின்றன; புகழ்பெற்ற பாப் பாடகர் ஒருவரின் குரல் அரங்கை நிறைக்கின்றது. ஒற்றனின் வரவை ஊரறியச் சாற்றும் இப்பாட்டே தலைப்புப் பாடல் எனப்படுகின்றது.

கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கும் அலோர்ஸ்டாருக்கும் இடையே, ஜெராய் மலையின் அடிவாரத்தில் குருண் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த தமிழ் மக்களுக்குத் திரைப்படமே பெரும் பொழுதுபோக்காக விளங்கிய காலம் ஒன்றிருந்தது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் காட்டுவர். லயத்து மக்கள் பாய் விரித்து அமர்ந்து பார்ப்பர். துப்பாக்கி ஏந்திய துப்பறிவாளர்களும் அவர்களோடு வந்த அதிரும் இசையும் அம்மக்களுக்கு அவ்வாறே அறிமுகமாயின. உலகம் முழுதும் முணுமுணுக்கும் ஒற்றன் இசை ஒன்றின் வேர், தங்களைப் போன்ற தோட்டத்து மக்களைப் பற்றிய கதை ஒன்றில் கிடக்கின்றது என்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவ்வரலாற்றையும், அது தமிழ்த்திரை வழியாக மலேசியத் தமிழர் வரை வந்து சேர்ந்த முறையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரும்புத் தோட்டத்துக் கதையும் ஒரு மெட்டும்

ஜேம்ஸ் பாண்டு என்னும் ஒற்றனை முதன்முதலாகத் திரைக்குக் கொணர்ந்த படம் 'டாக்டர் நோ'. அது 1962-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் இலண்டனில் திரையிடப்பட்டது. அதற்கு இசையமைக்க அமர்த்தப்பட்டவர் மான்டி நார்மன். அவர் 1928-இல் இலண்டனின் கிழக்குப் பகுதியில் எளிய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பாடகராகத் தொடங்கி மேடை இசைநாடகங்களுக்குப் பாட்டமைப்பவராக உயர்ந்தவர். கதை நிகழும் ஜமைக்கா தீவுக்குச் சென்று, அத்தீவு மக்களின் கலிப்சோ இசையைத் தழுவிப் படத்திற்குப் பாடல்களை அமைத்தார். எனினும் நாயகனுக்கென ஓர் அடையாள இசை தேவைப்பட்டது. அதற்காக அவர் பழைய பாட்டு ஒன்றைத் தேடி எடுத்தார்.

அப்பாட்டின் பிறப்பே ஈண்டு நோக்கத்தக்கது. வி. எஸ். நைப்பால் எழுதிய 'திரு. பிஸ்வாசுக்கு ஒரு வீடு' என்னும் ஆங்கிலப் புதினம் 1961-இல் வெளிவந்தது. நைப்பால் டிரினிடாட் தீவில் 1932-இல் பிறந்தவர். 2001-இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர். அவர்தம் முன்னோர் வட இந்தியாவிலிருந்து அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். 1845-ஆம் ஆண்டு தொடங்கி 1917-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 144,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகத்திலிருந்தும், ஒரு பகுதியினர் சென்னையிலிருந்தும் சென்றவர்கள். அம்மக்களின் வழித்தோன்றலான ஒருவன் தனக்கென ஒரு வீடு கட்டிக்கொள்ள வாழ்நாள் முழுதும் படும் பாடே புதினத்தின் கதையாகும்.

இப்புதினத்தை இசைநாடகமாக்க முயன்றவர்களுள் மான்டி நார்மன் ஒருவர். நாயகன் பிறந்தபோதே அவனுடைய தும்மல் கேடு விளைவிக்கும் என்று புரோகிதர் குறி சொல்லிவிடுகின்றார். தும்மலில் சகுனம் பார்க்கும் வழக்கம் தமிழருக்கும் புதியதன்று. அத்தும்மலைப் பற்றி நாயகன் பாடுவதாக நார்மன் ஒரு பாட்டு அமைத்தார். இந்திய இசையின் சாயல் அதில் விளங்குமாறு செய்தார். ஆயினும் நாடகம் மேடை ஏறவில்லை. பாட்டு இழுப்பறைக்குள் சென்று உறங்கிற்று. 'டாக்டர் நோ' படத்திற்கு மெட்டுத் தேடியபோது நார்மன் அதனை வெளியே எடுத்தார். நீண்டு ஒலித்த சுரங்களைத் துண்டு துண்டாக நறுக்கினார். சொற்கள் உதிர்ந்தன; தும்மலும் மறைந்தது. எஞ்சிய மெட்டு ஒற்றனுக்கு உரியதாயிற்று.

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். அம்மெட்டைத் தோட்டத் தொழிலாளர் இயற்றவில்லை, இயற்றியவர் நார்மனே. ஆனால் யாருடைய வாழ்வைப் பாடுவதற்காக அது பிறந்ததோ அவர்கள் கரும்புக் காட்டு மக்களின் வழிவந்தோர். அவர்களுடைய கதை நீங்கிய பிறகே அம்மெட்டு உலகப் புகழ் பெற்றது. டிரினிடாட்டுக்குக் கப்பல் விட்ட அதே பேரரசுதான் மலாயாவுக்கும் கப்பல் விட்டது. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர்க் காப்பி, இரப்பர்த் தோட்டங்களிலும் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தனர். மலாயாவுக்கான ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றது. ஆகவே, நைப்பால் எழுதிய கதை குருண் வட்டாரத்து லயங்களில் வாழ்ந்தோருக்கு உறவு முறையில் நெருங்கிய கதையே எனலாம்.

மெட்டு யாருடையது?

நார்மன் தந்த மெட்டுக்கு வாத்தியக்குழு வடிவம் கொடுத்தவர் ஜான் பாரி என்னும் இளைஞர். கித்தார் நரம்புகளை அழுத்தமாக மீட்டியவர் விக் பிளிக். 1962-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஒலிப்பதிவு நிகழ்ந்தது. பாரிக்குக் கிடைத்த ஊதியம் 250 பவுன். மெட்டின் ஆசிரியர் என்னும் உரிமையும், அது ஒலிக்குந்தோறும் வரும் உரிமத்தொகையும் நார்மனுக்கே சென்றன. 1976 முதல் 1999 வரை மட்டும் அவருக்குக் கிடைத்த தொகை ஏறத்தாழ 485,000 பவுன்.

பாரி பின்னர்ப் பல பாண்டு படங்களுக்கு இசையமைத்துப் பெரும்புகழ் எய்தினார். முதல் இசையும் அவருடையதே என்னும் எண்ணம் மெல்லப் பரவியது. 1997-இல் 'சண்டே டைம்சு' இதழ் அவ்வாறே எழுதியது. நார்மன் மானநட்ட வழக்குத் தொடுத்தார். 2001-இல் இலண்டனில் வழக்கு விசாரிக்கப்பட்டது. பிஸ்வாசு நாடகப் பாட்டே அவருடைய வலிமையான சான்றாக அமைந்தது. நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்து 30,000 பவுன் இழப்பீடு வழங்கியது. 2005-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் அப்பழைய பாட்டையும் அவர் சேர்த்துக்கொண்டார். 2022-இல் அவர் மறைந்தார்.

இவ்வழக்கு மாணவர்க்கு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. ஒரு பாட்டில் பலருடைய உழைப்புக் கலந்துள்ளது. மெட்டமைத்தவர் ஒருவர், அதற்கு உடை உடுத்தியவர் மற்றொருவர், கருவி மீட்டியவர் வேறொருவர். இவர்களுள் யாருடைய பெயர் தாளில் எழுதப்படுகின்றதோ அவருக்கே பாட்டு உரிமையாகின்றது. நாற்பதாண்டு கழித்தும் நார்மன் வென்றதற்குக் காரணம், எழுதப்பட்ட சான்று அவரிடம் இருந்தமையே. எழுதி வைக்கப்படாத பாட்டுக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. வரலாற்றிலும் இடம் கிடைப்பது அரிது.

குரல் கொடுத்த உழைப்பாளர் மக்கள்

'டாக்டர் நோ' படத்தின் தொடக்கத்தில் இசை உண்டு. பாடப்பட்ட தலைப்புப் பாடல் இல்லை. இரண்டாம் படமான 'பிரம் ரஷ்யா வித் லவ்' 1963-இல் வந்தபோது, அதன் பாடலைப் பாடியவர் மாட் மன்ரோ. அவர் பாடகராகுமுன் இலண்டனில் பேருந்து ஓட்டியவர். பெயர்ப்பட்டியலின் மீதே பாப் பாடகரின் குரலை ஒலிக்கச் செய்யும் வழக்கம் 1964-இல் வெளிவந்த மூன்றாம் படமான 'கோல்டுபிங்கர்' வழியாக நிலைபெற்றது. பாடியவர் சர்லி பாசி.

பாசி 1937-இல் வேல்சு நாட்டின் கார்டிப் துறைமுகப் பகுதியில் பிறந்தவர். தந்தை நைசீரியாவிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. தாய் ஆங்கிலப் பெண்மணி. இளமையில் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே இரவு விடுதிகளில் பாடி முன்னேறினார். ஜான் பாரி மெட்டமைத்த 'கோல்டுபிங்கர்' பாடலைத் திரையில் ஓடும் பெயர்ப்பட்டியலைப் பார்த்தவாறே அவர் பாடினார். பட்டியல் முடியும் வரை கடைசிச் சுரத்தை விடாமல் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மூச்சு முற்றும் தீரும் எல்லை வரை அவர் அதனைப் பிடித்து நின்றார். அந்த ஒரு சுரமே அவருடைய புகழுக்கு அடையாளமாயிற்று. 1971-இலும் 1979-இலும் மேலும் இரு பாண்டு படங்களுக்கு அவர் தலைப்புப் பாடல் பாடினார்.

1965-இல் 'தண்டர்பால்' படத்திற்குப் பாடிய டாம் ஜோன்சும் வேல்சு நாட்டவர்; நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். பாட்டின் இறுதிச் சுரத்தை நீட்டியபோது தாம் மயக்கமுற்றதாக அவரே கூறியுள்ளார். 1995-இல் 'கோல்டன்ஐ' படத்திற்குப் பாடிய டினா டர்னர், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சிற்றூரில் பிறந்து, சிறுமியாக இருந்தபோது பருத்திக் காட்டில் பஞ்சு எடுத்தவர்.

இவ்வரிசையை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். திரையில் வரும் ஒற்றன் சீமான். உயர்ந்த உடை உடுப்பவன். விலைமிக்க மகிழுந்தில் செல்பவன். அவனுக்குக் குரல் கொடுத்தவர்களோ பேருந்து ஓட்டியவரும், கப்பல் தொழிலாளியின் மகளும், சுரங்கத் தொழிலாளியின் மகனும், பருத்திக் காட்டுச் சிறுமியும் ஆவர். பெரிய வாத்தியக்குழுவின் முழக்கத்தைக் கடந்து ஒலிக்கும் குரல்வலிமை அம்மக்களிடம் இருந்தது. திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் ஒலிபெருக்கியின்றிப் பாடிப் பழகிய தோட்டத்துத் தமிழருக்கு இவ்வுண்மையை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்த்திரையில் ஒற்றன்

மேலை நாட்டுப் படங்களின் செல்வாக்கு ஆசியாவிலும் பரவியது. சிங்கப்பூரில் சா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையம் 1966-இல் ஜமில் சூலோங் இயக்கத்தில் 'கெராக் கிலாட்' என்னும் மலாய்ப் படத்தை உருவாக்கியது. ஜின்சு சம்சுடின் அதில் ஜெப்ரி ஜைன் என்னும் ஒற்றனாக நடித்தார். அதே ஆண்டில் சேலம் மாடர்ன் தியேட்டர்சு நிறுவனம் 'வல்லவன் ஒருவன்' படத்தை வெளியிட்டது. இயக்கியவர் ஆர். சுந்தரம், நாயகன் ஜெய்சங்கர். தென்னிந்திய ஜேம்ஸ் பாண்டு என்று அவர் அழைக்கப்பட்டார். 1970-இல் 'சி.ஐ.டி. சங்கர்' வந்தது.

இப்படங்களுக்கு இசையமைத்த வேதா, இந்திப் படப் பாடல்களின் மெட்டுகளைத் தமிழுக்குக் கொணர்வதில் பெயர் பெற்றவர். மெட்டு ஒரு மொழியில் பிறந்து, சொல் மாறி, வேறு மொழியில் வாழ்வதைத் தமிழ் மக்கள் தடையின்றி ஏற்றுக்கொண்டனர். முதலில் இயற்றியவர் யார் என்று கேட்டவர் சிலரே. இப்படங்களின் விடுதிக் காட்சிகளுக்கு உயிர் தந்த குரல் எல். ஆர். ஈஸ்வரியின் குரல். அவருடைய தாயார் செமினி நிறுவனத்தில் குழுப்பாடகியாகப் பணியாற்றியவர். தாயைப் போலவே பின்னணிக் குழுவில் ஒருவராகப் பாடத் தொடங்கிய ஈஸ்வரி, 1961-இல் 'பாசமலர்' படத்தில் பாடிய பாட்டின் வழியாகத் தனிப்புகழ் பெற்றார். குழுப்பாடகர்களின் பெயர்கள் இசைத்தட்டில் இடம்பெறுவது அரிது. பெயரில்லாத வரிசையிலிருந்து பெயருள்ள வரிசைக்கு வந்தவர் அவர்.

தமிழில் ஒற்றன் படத்திற்கென முழுமையான தலைப்புப் பாடல் அமைந்ததற்கு 1986-இல் வெளிவந்த 'விக்ரம்' சிறந்த எடுத்துக்காட்டாகும். எழுத்தாளர் சுஜாதா கதை வசனத்தில் பங்குகொண்டார். 'குமுதம்' இதழில் அது தொடராகவும் வந்தது. இயக்கியவர் இராசசேகர். இசை இளையராஜா, பாடல் இயற்றியவர் வைரமுத்து. மின்னணு இசைக்கருவிகளின் ஒலி மேலோங்கிய அத்தலைப்புப் பாடலைப் பாடியவர் நாயகன் கமல்ஹாசனே. படத்தின் தயாரிப்பும் அவருடைய நிறுவனத்தைச் சார்ந்தது. மேலை நாட்டில் ஒற்றனாக நடிப்பவர் ஒருவர், அவனுக்காகப் பாடுபவர் மற்றொருவர் என்பது வழக்கம். தமிழில் ஒற்றனே தன் பெயரைத் தானே பாடிக்கொண்டான். வள்ளுவர் வகுத்த இலக்கணத்திலிருந்து இதனினும் விலகிச் செல்ல இயலாது! எனினும் பாட்டு நிலைத்தது. 2022-இல் அதே நாயகனோடும் அதே பெயரோடும் புதிய படம் ஒன்று வந்தபோது, பழைய பாட்டைத் தேடிக் கேட்ட இளைஞர் பலராவர்.

மலேசியத் தமிழ்க் குரல்

இவ்வரலாற்றில் மலேசியத் தமிழருக்கும் பங்குண்டு. 1990-களில் கோலாலம்பூரில் 'பொயட்டிக் அம்மோ' என்னும் சொல்லிசைக் குழு தோன்றியது. அக்குழுவினர் 1998-இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனியம் ஆகிய மொழிகளில் பாடல்கள் இடம்பெற்றன. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி பின்னர் 'நட்சத்திரா' என்னும் இணையரோடு தமிழில் முனைந்தார். டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவரே அவ்விணையர். மூவரும் 2006-இல் 'வல்லவன்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். 1980-ஆம் ஆண்டு 'நிழல்கள்' படத்திற்காக இளையராஜா அமைத்த பாடல் ஒன்றை அடிப்படையாகக் கொண்டு அவர்கள் ஆக்கிய சொல்லிசைப் பாட்டு, மலேசியாவைக் கடந்து தமிழகத்தையும் எட்டியது.

தமிழகத்திலிருந்து படமும் பாட்டும் மலாயாவுக்கு வருவதே நெடுங்கால வழக்கம். இப்போது கலை எதிர்த்திசையில் பயணம் செய்தது. 2007-இல் 'பொல்லாதவன்' படத்திலும், 2011-இல் 'ஆடுகளம்' படத்திலும் யோகி பி-யின் குரல் ஒலித்தது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் வெளிவந்த 'விவேகம்' தமிழில் வந்த பெரிய ஒற்றன் படங்களுள் ஒன்று. அஜித்குமார் பயங்கரவாத எதிர்ப்புப் படையின் அதிகாரியாக நடித்தார். சிவா இயக்கினார். படப்பிடிப்பின் பெரும்பகுதி ஐரோப்பிய நாடுகளில் நிகழ்ந்தது. இசையமைத்த அனிருத், நாயகனின் தளராத உறுதியைப் பறைசாற்றும் 'சர்வைவா' என்னும் பாடலை யோகி பி-யோடு இணைந்து பாடினார். படத்திற்கு முன்னரே தனியாக வெளியிடப்பட்ட அப்பாடல், மேலை நாட்டுத் தலைப்புப் பாடல்கள் செய்யும் அதே பணியைச் செய்தது. படம் வருமுன் அதன் பெயரை மக்கள் நாவில் ஏற்றியது. யோகி பி அதில் குரல் மட்டும் கொடுத்தவரல்லர். பாடலாசிரியராகவும் அவர் பெயர் குறிக்கப்பெற்றது.

ஆங்கிலம் விரவிய இத்தகைய பாட்டு தமிழாகுமா என்று வினவும் ஆசிரியர்கள் உளர். வினா நியாயமானதே. பிறமொழிச் சொற்கள் அளவின்றிக் கலப்பது மொழிக்கு ஆக்கம் தருவதன்று. ஆயினும் யாப்புப் பயிலும் மாணவர் இதனை மற்றொரு கோணத்திலிருந்தும் நோக்கலாம். தமிழ்ச் செய்யுள் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையையும், சீர்களின் முதலெழுத்து ஒன்றும் மோனையையும் பெரிதும் போற்றுவது. மேலை நாட்டுச் சொல்லிசையோ அடிகளின் இறுதி ஒன்றும் இயைபையே சார்ந்து நிற்பது. தமிழில் சொல்லிசை புனைவோர் இயைபை மேற்கொண்டாலும், எதுகையும் மோனையும் அவர்களை விட்டு அகல்வதில்லை. விரைந்து ஒலிக்கும் சந்தப் பாடல்களைப் பாடிய அருணகிரிநாதர் பிறந்த மொழியில், தாளத்தோடு சொல்லை அடுக்குவது புதுமையன்று. கடன் வாங்கியது வடிவத்தின் ஒரு பகுதியே. மொழியின் பழைய உறுப்புகள் அதனுள்ளும் தொழிற்படுகின்றன.

குருணிலிருந்து நோக்கும்போது

இனி, இவ்வரலாற்றைக் கெடா மண்ணிலிருந்து நோக்க வேண்டும். சோழர் காலத்தில் கடாரம் எனப் புகழ்பெற்ற இந்நிலம், 1909-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிசாரின் மேலாண்மைக்கு மாறியது. அதன்பின் இரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. குருண், பீடோங், சுங்கைப்பட்டாணி ஆகிய ஊர்களைச் சுற்றிக் காடுகள் பால்மர நிரைகளாயின. அந்நிரைகளின் நடுவே தமிழர் பாடினர். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய் குழந்தையைத் தூங்கவைக்கப் பாடினாள். மங்கு துடைக்கும் சிறுவர் விளையாட்டாகப் பாடினர். நடவு இல்லாத நாட்டில் நடவுப் பாட்டின் மெட்டு பால்வெட்டுக்குச் சொல் மாறியது. கப்பலேறி வந்த துன்பமும் கங்காணியின் கடுமையும் பாட்டாயின. மறைந்தோர்க்கு ஒப்பாரி வைத்தோர், இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றையே பாட்டில் வடித்தனர்.

இப்பாடல்களுள் ஒரு பகுதியை ஆர்வலர் சிலர் திரட்டி நூலாக்கியுள்ளனர். அப்பணி போற்றத்தக்கது. ஆனால் தொகுக்கப்பட்டவற்றினும் தொகுக்கப்படாமல் போனவை மிகப் பல. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் பட்டணங்களுக்குப் பிரிந்து சென்றனர். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் தொடர்ந்து பாடும் சூழல் கலைந்தது. பாட்டு அறிந்த முதியோர் மறையுந்தோறும் அவர்கள் நெஞ்சில் இருந்த பாட்டும் உடன் மறைகின்றது.

மான்டி நார்மனின் பாட்டு மேடையேறாமல் இழுப்பறையில் கிடந்தது. எழுதப்பட்டிருந்தமையால் அது அழியவில்லை. வேண்டியபோது வெளியே வந்தது. வழக்கு மன்றத்தில் தன் ஆசிரியருக்காகச் சான்று பகர்ந்தது. கெடாத் தோட்டத்துப் பாட்டுகளுக்கு அத்தகைய இழுப்பறை இல்லை. நாளை ஓர் இசையமைப்பாளர் அவற்றுள் ஒன்றைக் கேட்டு மெட்டாக்கிக் கொண்டால், அது எந்தத் தோட்டத்தில் யார் பாடியது என்று எடுத்துக்காட்ட ஏடு ஒன்றும் இராது. மெட்டு மட்டும் உலகம் சுற்றும்; அதற்குரிய மக்கள் மறக்கப்படுவர்.

இந்நிலையை மாற்றப் பெரும்பொருள் வேண்டியதில்லை. முற்காலத்தில் ஒலிப்பதிவுக்குக் கனத்த கருவிகள் தேவைப்பட்டன. இக்காலத்தில் மாணவர் கையிலுள்ள கைப்பேசியே போதும். தமிழ்ப்பள்ளி மாணவர் தம் பாட்டியிடமும் அண்டை வீட்டு முதியோரிடமும் சென்று பாட்டுகளைப் பதிவு செய்யலாம். ஆனால் குரலைப் பதிந்தால் மட்டும் பணி நிறைவுறாது. முதியவரின் இசைவைப் பெற்றுப் பாடியவர் பெயர், வாழ்ந்த தோட்டம், செய்த வேலை, பாட்டை யாரிடம் கற்றார், எப்போது பாடுவார்கள், பதிவு செய்த நாள் ஆகியவற்றையும் எழுதி வைக்க வேண்டும். ஒரே பாட்டு இரு தோட்டங்களில் வேறுபட்டு ஒலித்தால் இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும். வட்டாரச் சொற்களை இலக்கணத் தமிழாகத் திருத்திவிடலாகாது. 'பெரட்டு' என்று பாடினால் 'பெரட்டு' என்றே எழுத வேண்டும். ஆசிரியர் அவற்றைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைத்தால், அதுவே வருங்கால ஆய்வாளர்க்கு மூலநூலாகும்.

இதனால் விளையும் பயன் பழமையைக் காப்பதோடு முடிவதில்லை. நாளைய பாடகர் ஒருவர் திரைப்படத்திற்கோ தொலைக்காட்சிக்கோ பாட்டு அமைக்கும்போது, வெளிநாட்டு மெட்டுகளை மட்டுமே நாடி நிற்க வேண்டியதில்லை. பாட்டியின் தாலாட்டில் ஓர் அடியைக் கண்டெடுக்கலாம்; அதனைப் பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பாட்டோடு சேர்த்து வெளியிடலாம். மலேசியத் தமிழரின் குரல் தமிழகத் திரைக்குச் சென்றுவிட்டது. அவர்தம் மெட்டும் பெயரோடு செல்லும் நாள் வருதல் வேண்டும்.

ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பு மறைவாகவே இருத்தல் வேண்டும் என்பது வள்ளுவர் கண்ட அரசியல். பாட்டுக்கு அந்நெறி பொருந்தாது. பாடியவர், இயற்றியவர், யாருடைய வாழ்வைப் பாடிற்றோ அம்மக்கள் ஆகிய அனைவரும் பலர் அறியச் சிறப்பிக்கப்படுதலே பாட்டுக்குரிய முறையாகும். அம்முறையைக் கற்பிக்கும் இடமாகத் தமிழ்ப்பள்ளி விளங்குமாயின், ஜெராய் மலையடிவாரத்துப் பால்மரக் காடுகளில் ஒலித்த பாட்டுகள் தமக்குரிய பெயர்களோடு நிலைபெறும்.